விறாந்தையில் வரைந்த விண்தொலைநோக்கி

யாழ்ப்பாணத்தில் மாரி பிடித்துவிட்டால் வானம் பார்க்கிறவர்களுக்கு வேலையில்லை. ஐப்பசி நடுப்பகுதியிலிருந்து மார்கழி கழியும்வரை முகில் விலகும் இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறவன். வகுப்பு முடிந்த பின்னரும் எழுந்து போகாமல் விறாந்தையிலேயே இருந்து கதைக்கும் மூன்று மாணவர்கள் சென்ற மாரியில் எனக்கு வாய்த்தார்கள். மழை விடும்வரை சும்மா இருப்பானேன், முகிலே இல்லாத இடத்தில் வைப்பதற்கென்று ஒரு தொலைநோக்கியைத் தாளில் வடிவமைத்துப் பார்ப்போம் என்றேன். கட்டப் போவதில்லை, விலை விசாரிக்கப் போவதுமில்லை; ஆனால் ஒவ்வொரு தெரிவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவ்வளவு தூரம் மேலே போவதென்றால் தரையிலிருந்து ஒருநாளும் காணக் கிடைக்காததைக் காண்பதற்குத்தானே போக வேண்டும் என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களைக் கழியூதாவில் கொண்டுவந்து நிறுத்தியது.

கழியூதா என்பது எங்கள் பாடநூல்களின் சொல். தமிழகத்தார் புறஊதா என்பார்கள். ஊதாவைக் கழிந்து, அதாவது கடந்து நிற்பது என்ற பொருள் அதில் தெளிவாக இருப்பதால் எனக்கு எங்கள் சொல்லே பிடிக்கும். 1801இல் ஜேர்மனியின் ஜெனா நகரில் யோகான் வில்லெம் ரிட்டர், சூரிய ஒளியின் நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், வெள்ளிக் குளோரைட்டு இன்னும் விரைவாகக் கறுப்பதைக் கண்டார். அந்த ஒளி வானத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்வதை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 300 நானோமீற்றருக்குக் (ஒரு நானோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைந்த அலைநீளங்களை ஓசோனும், 200க்குக் குறைந்தவற்றைச் சாதாரண ஒட்சிசனுமே விழுங்கிவிடுகின்றன. எங்கள் தோலுக்கு அது பெரும் புண்ணியம். வானியலாளருக்கு மட்டும் கதவடைப்பு. மலையுச்சியில் ஏறி நின்றாலும் பயனில்லை. முதல் செய்மதி பறப்பதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1946இல், அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிற்சர் விண்வெளியில் தொலைநோக்கி வேண்டுமென்று ஓர் அறிக்கை எழுதினார்; அதில் அவர் காட்டிய முதன்மையான பயன்களுள் ஒன்று இந்தக் கழியூதாவே.

அங்கே போய்ப் பார்த்தால் வானம் எப்படியிருக்கும் என்பதை விளக்க எனக்குத் திருவாதிரை உதவியது. திருவெம்பாவைக் காலத்தில் மழை சற்றே வழிவிட்டால், முன்னிரவில் கிழக்கே எழும் ஒரயன் கூட்டத்தில் அது செம்மஞ்சளாகத் தெரியும். அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின். பொருள் சூடாகச் சூடாக அதன் ஒளிர்வின் உச்சம் குறுகிய அலைநீளத்துக்கு நகரும் என்னும் வீனின் விதிப்படி, இதன் உச்சம் 830 நானோமீற்றரளவில், அதாவது செந்நிறத்துக்கும் கீழே விழுகிறது. அதே கூட்டத்தின் இடுப்புப்பட்டியில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களும் 25,000 கெல்வினையும் அதற்கு மேலும் தொடுபவை. அவற்றின் உச்சம் 120 நானோமீற்றரை அண்டி வருகிறது.

"அப்ப சேர், திருவாதிரை காணாமல் போயிடுமோ?"

"ஏறக்குறையப் போயிடும், தம்பி. கேட்டையும் ரோகிணியும் அப்படித்தான் மங்கும். சித்திரை நட்சத்திரம் இன்னும் பிரகாசமாய் வரும்."

பஞ்சாங்கத்தில் நாள்தோறும் பெயர் சொல்லும் நட்சத்திரங்களுள் யார் இளஞ்சூடு, யார் கொடுஞ்சூடு என்று கழியூதா தரம் பிரித்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது, அணுக்கள் தங்களைக் காட்டிக்கொடுக்கும் கோடுகளுள் வலுவானவை பலவும் இந்தப் பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கின்றன என்பது. ஐதரசனின் தலையாய கோடு 121.6 நானோமீற்றரில் இருக்கிறது. மூன்று இலத்திரன்களை இழந்த காபனின் இரட்டைக் கோடு 155ஐ ஒட்டி இருக்கிறது. விண்மீன்களுக்கிடையே ஐதரசன் மூலக்கூறு உண்டு என்பதை 1970இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோர்ஜ் கறுதேர்ஸ் முதன்முதலாகக் கண்டதும், சில நிமிடங்கள் மட்டுமே மேலே நின்ற ஓர் ஆய்வு ரொக்கெற்றில் வைத்த கழியூதாக் கருவியால்தான்.

ஒளியை முதலில் ஏந்திக் குவிக்கும் பெரிய ஆடியான எங்கள் முதலாடியின் விட்டத்தை 30 சென்ரிமீற்றர் என்று தீர்மானித்தோம். பிள்ளைகளுக்கு அது சிறுமையாகப் பட்டது. ஆனால் 1978இல் ஏவப்பட்டு, மூன்று ஆண்டுகள் என்று திட்டமிடப்பட்ட வேலையைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் செய்து 1996இல் ஓய்ந்த சர்வதேசக் கழியூதா ஆய்வுச் செய்மதியின் ஆடி 45 சென்ரிமீற்றர் மட்டுமே. இந்தியாவின் அஸ்ரோசற் செய்மதியிலுள்ள இரட்டைக் கழியூதாத் தொலைநோக்கிகளுக்கும் ஆளுக்கு 38 சென்ரிமீற்றர்தான்.

ஆடிதான் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். வில்லை ஏன் இல்லை என்பதற்கு வகுப்பில் ஒரு பின்னேரம் செலவானது. சாதாரணக் கண்ணாடி 300 நானோமீற்றரை நெருங்கும்போதே இருண்டுவிடும். உருக்கிய தூய சிலிக்கா 160, 170 வரை தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே கல்சியம் புளோரைட்டு, மகனீசியம் புளோரைட்டு, இலிதியம் புளோரைட்டு என்று பளிங்குகளைத் தேடிப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதும் 105 நானோமீற்றரளவில் கையை விரித்துவிடும். 91.2க்குக் கீழே போனால் விண்மீன்களுக்கிடையே பரந்திருக்கும் ஐதரசனே ஒளியை உறிஞ்சிவிடுவதால், பளிங்கு கிடைத்தாலும் பெரும்பாலும் பார்ப்பதற்குப் பொருள் கிடைக்காது. ஆகவே ஒளியை எதனூடாகவும் செலுத்தாமல், எதிலாவது தெறிக்க விட்டே குவிக்க வேண்டும்.

எதில் தெறிக்க விடுவது? வெள்ளிதான் நல்ல ஆடி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கட்புல ஒளிக்கு அது உண்மை; 320 நானோமீற்றரளவில் வெள்ளியின் தெறிதிறன் அதலபாதாளத்தில் விழுந்துவிடுகிறது. பொன் அதைவிட மோசம். நீலத்தையே அது சரியாகத் தெறிப்பதில்லை, அதனால்தான் அது பொன்னிறம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடிகள் பொன் பூசப்பட்டவை. செந்நிறக்கீழ் ஒளிக்கு அவை உன்னதமானவை, கழியூதாவுக்கு உதவாதவை. நகைக்கடையில் எந்த மதிப்பும் இல்லாத அலுமினியத்துக்கு இங்கே முதலிடம்.

அலுமினியத்துக்கும் ஒரு குறை உண்டு. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படர்ந்துவிடும். அடுக்களைச் சட்டியைக் காப்பதும் அந்தப் படலந்தான்; 160 நானோமீற்றருக்குக் கீழே ஒளியை விழுங்குவதும் அதுதான். எனவே வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி ஆடியில் படிய வைத்த கையோடு, காற்றை உள்ளே விடுவதற்கு முன்னரே, அதன் மேல் 25 நானோமீற்றரளவு தடிப்பில் மகனீசியம் புளோரைட்டைப் போர்த்துவிட வேண்டும். ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீற்றர் ஆடியும் இப்படிப் போர்த்தப்பட்டதே. இந்தப் போர்வை 115 நானோமீற்றர் வரை வழிவிடும். இலிதியம் புளோரைட்டு இன்னும் கீழே, 102 வரை இறங்கும். 1999இல் பறந்த பியூஸ் செய்மதி தன் ஆடிகளுட் பாதிக்கு அதைத்தான் பூசிக்கொண்டது. ஆயினும் அது ஈரத்தை உறிஞ்சிக் கெடும் இயல்புடையது. கடற்காற்றில் உப்புப் போத்தலே கட்டிபிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைத் தெரிவுசெய்ய எங்களுக்குத் துணிவு வரவில்லை, மகனீசியத்தோடு நின்றுகொண்டோம்.

70 நானோமீற்றர் தடிப்பில் எங்கள் 30 சென்ரிமீற்றர் ஆடி முழுவதற்கும் எவ்வளவு அலுமினியம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தபோது விடை 13 மில்லிகிராம் என்று வந்தது. ஓர் அரிசிமணியின் எடைகூட இல்லை. ஆடியின் மீதிக் கனமெல்லாம் அந்தப் 13 மில்லிகிராமைச் சரியான வளைவில் ஏந்திப் பிடிப்பதற்காக மட்டுமே.

நன்றாகப் பூசினாலும் ஆழ்ந்த கழியூதாவில் ஒரு தெறிப்புக்கு நூற்றுக்கு 80 பங்கே மிஞ்சும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு ஆடிகள் என்றால் 64. ஐந்து ஆடிகள் என்றால் 33க்கும் குறைவு. வீட்டுச் செலவில் ஒவ்வொரு கடையிலும் ஐந்திலொன்றைக் கொடுத்துக்கொண்டே போனால் சந்தைக்குப் போய்ச் சேரும்போது கையில் என்ன இருக்கும்? இந்தக் கணக்கு மனத்தில் பதிந்த பின்னர், வட்டுக்கோட்டையிலிருந்து வரும் மாணவன் கண்ணில் கண்ட ஆடியையெல்லாம் வெட்டத் தொடங்கினான். துணையாடியையும் நீக்கிவிட்டு உணரியை நேரே முதலாடியின் குவியத்தில் வைப்போம் என்றான். அவன் சொன்னது அர்த்தமற்றதல்ல. ஆனால் ஒற்றை ஆடியில் தெளிவான பார்வைப் புலம் மிகக் குறுகிவிடும். உணரியும் அதன் வடங்களும் ஒளிப்பாதையிலேயே தொங்க வேண்டிவரும். ஈற்றில் ஹபிளிலும் அஸ்ரோசற்றிலும் உள்ள இரிச்சி-கிறெத்தியன் அமைப்பையே, பரந்த புலத்தைத் தெளிவாகக் காட்டும்படி வளைத்த இரண்டு ஆடிகளோடு, ஏற்றுக்கொண்டோம். அவனைச் சமாதானப்படுத்த ஹபிளின் கதையொன்றைச் சொன்னேன். 2009இல் அதில் பொருத்தப்பட்ட நிறமாலைமானியின் ஆழ்கழியூதாப் பிரிவில், தொலைநோக்கியின் இரு ஆடிகளுக்குப் பிறகு ஒரேயொரு தெறிப்புத்தான் உண்டு. நெருக்கமாக வரிகள் பொறித்த ஒரே வளைந்த தகடு, ஒளியை நிறம் பிரிக்கிறது, குவிக்கிறது, ஹபிளின் முதலாடியில் பிறவியிலேயே இருந்த வளைவுப் பிழையையும் சேர்த்துத் திருத்துகிறது. மூன்று வேலைக்கு மூன்று ஆளைப் பிடிக்காமல் ஒருவரையே பிடித்த சிக்கனம். நான் பார்த்த ஒளியியல் வடிவமைப்புகளுள் இதைவிட அழகானதைச் சொல்ல என்னால் முடியாது.

ஆடியின் வழவழப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிதறும் ஒளியின் பங்கு, மேற்பரப்பின் கரடுமுரடை அலைநீளத்தால் வகுத்து வரும் விகிதத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 550 நானோமீற்றரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதே கரடு 150இல் பதின்மூன்று மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஒரு நானோமீற்றருக்கு உள்ளே மினுக்க வேண்டும் என்று தாளில் எழுதினோம். எழுதுவது எங்களுக்கு எளிது.

உணரிக்கு வருகிறேன். கைப்பேசிக் கமராவில் இருக்கும் சிலிக்கன் ஏன் கூடாது என்ற கேள்வி நியாயமானது. கழியூதாப் போட்டன், அதாவது ஒளித்துணிக்கை, சிலிக்கனின் மேற்தோலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தனிப்பட்ட மேற்பரப்புப் பரிகரிப்பு இல்லாவிட்டால் அதன் சமிக்ஞை உள்ளே சேராது. அதைவிடப் பெரிய தொல்லை, சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் ஒவ்வொரு 150 நானோமீற்றர்ப் போட்டனுக்கும் பல்லாயிரக்கணக்கான கட்புலப் போட்டன்களை அனுப்புகிறது. வடிகட்டி சற்றே ஒழுகினாலும் கழியூதாப் படம் என்று நாங்கள் எடுப்பது உண்மையில் மஞ்சள் ஒளியின் படமாகிவிடும். ஆகையால் கட்புல ஒளிக்குக் குருடாக இருக்கும் உணரியே சிறந்தது. சீசியம் அயடைட்டுப் பூச்சு அப்படிப்பட்டது. குறைந்த சக்தியுள்ள போட்டன் எத்தனை வந்து மோதினாலும் அது இலத்திரனை விடாது. அது விடும் ஒற்றை இலத்திரனை, ஏறத்தாழப் பத்து மைக்ரோமீற்றர் அகலமுள்ள இலட்சக்கணக்கான நுண்குழாய்கள் கொண்ட ஒரு தகட்டுக்குள், உயர் வோல்ற்றளவில் இழுத்துவிட்டால், குழாய்ச் சுவரில் மோதி மோதிப் பெருகி மறுபக்கத்தில் பெருங்கூட்டமாக வெளிவரும். இப்படி ஒவ்வொரு போட்டனையும் தனித்தனியே எண்ணலாம்.

இந்த உணரிக்கு எதிரி பிரகாசம். கொதிக்கும் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கென்று கட்டும் கருவி, சித்திரை நட்சத்திரத்தை நேரே பார்த்தால் கெட்டுப்போகக்கூடும் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். உண்மையில் இத்தகைய கருவிகளைத் திருப்புவதற்கு முன்னர், அந்தத் திசையில் ஆபத்தான அளவுக்குப் பிரகாசமான நட்சத்திரம் உண்டா என்று பட்டியல் பார்த்தே அனுமதி கொடுக்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 150 நானோமீற்றரில் 30 சென்ரிமீற்றர் ஆடி கோட்பாட்டின்படி 0.13 விகலைவரை பிரித்துக் காட்டும். ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்குதான் விகலை. செய்மதியோ அவ்வளவு ஆடாமல் நிற்காது. அஸ்ரோசற்றின் கருவி செக்கனுக்கு ஏறத்தாழ 29 படங்கள் எடுத்து, கட்புலப் படங்களைக் கொண்டு ஆட்டத்தை அளந்து, பின்னர் தரையில் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிபார்த்து அடுக்குகிறது. அதன் கூர்மை 1.5 விகலை, அதற்கு முந்திய கலெக்ஸ் செய்மதிக்கு அது 5 விகலையளவில் இருந்தது. ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் எழுதி வைத்துக்கொண்டு பின்னர் கழித்துவிடு என்ற அந்த உத்தியை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பாதை எதுவென்ற கேள்விக்கு விடை எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. 2015 செப்ரெம்பர் 28 அன்று சிறிகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ரோசற், 650 கிலோமீற்றர் உயரத்தில், மத்தியகோட்டுக்கு 6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. 6 பாகை வட அகலாங்கு என்றால் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்று பொருள். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கிட்டால், நாளொன்றுக்குப் பதின்மூன்று பதினான்கு தடவை எங்கள் அடிவானத்துக்கு மேலே வந்து போகும். மிக நெருங்கும்போது தென்வானில் 55 பாகை உயரத்துக்கு ஏறும். இவ்வளவு தாழ்ந்த சாய்வுக்குக் காரணம் உண்டு. தென் அத்திலாந்திக்கின் மேலே கதிர்வீச்சுத் துணிக்கைகள் தாழ இறங்கும் பகுதியை, மத்தியகோட்டோடு ஒட்டிச் சுற்றும் செய்மதி ஓரமாகத் தொட்டுக்கொண்டு கடந்துவிடும்.

ஆனாலும் 650 கிலோமீற்றரில் இருள் கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. புவியைச் சூழ்ந்திருக்கும் மிக ஐதான ஐதரசன், சூரிய ஒளி பட்டு 121.6 நானோமீற்றரில் ஒளிர்கிறது. 1972 ஏப்பிரலில் அப்பலோ 16 விண்வெளி வீரர்கள் நிலவில் நிறுத்திய, கறுதேர்ஸ் வடிவமைத்த கழியூதாக் கமரா அந்த ஒளிவட்டத்தைப் படமெடுத்திருக்கிறது. இந்தப் பின்னொளியை வெட்ட, 125 நானோமீற்றருக்குக் கீழே இருண்டுவிடும் கல்சியம் புளோரைட்டு வடிகட்டி ஒன்றைச் சேர்த்தோம். வில்லைக்கு உதவாதென்று தள்ளிய குறையே இங்கே பயனாயிற்று. ஒட்சிசன் 130.4இல் விடும் ஒளிக்குப் பேரியம் புளோரைட்டு. மிச்சத்துக்கு, செய்மதி புவியின் நிழலுக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும் பார்ப்பது.

இவ்வளவும் பிள்ளைகள் மார்கழிக்குள் முடித்துவிட்டார்கள். முடியாமல் இழுத்தது அழுக்கு.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நான் சிறுவன். அந்த ஆண்டுகளின் இரவுகள் எவ்வளவு இருண்டவை என்றால், பால்வீதியைப் பார்ப்பதற்கு முற்றத்துக்கு இறங்கினால் போதும். படித்தது ஜாம் போத்தல் விளக்கில். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு இல்லாத நாள்களில் அரிக்கன் லாம்பு ஏறும். அதன் சிமினியைப் பின்னேரந்தோறும் அம்மம்மா சாம்பல் தொட்டுத் துடைத்து வைப்பார். ஒருநாள் துடைக்காவிட்டால் மறுநாள் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் கரிப்படலத்தின் கதை அது. கழியூதாவில் கண்ணுக்குத் தெரியாத படலமே போதும். 70 மைக்ரோகிராம் எண்ணெய் எங்கள் ஆடி முழுவதும் பரவினால் ஒரு நானோமீற்றர்ப் படலம் ஆகிவிடும். கை ரேகையொன்றில் ஒட்டும் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். அந்த எண்ணெய் வெளியிலிருந்து வரத் தேவையுமில்லை. வெற்றிடத்தில் வடங்களின் உறையும் பசையும் கறுப்பு வர்ணமும் தங்களுக்குள் இருக்கும் ஆவியை மெல்லமெல்ல விட்டுக்கொண்டே இருக்கும்; அது எங்கே குளிர்ந்த பரப்பைக் கண்டாலும் படிந்துகொள்ளும். ஹபிளின் இரண்டாவது அகலப்புலக் கமராவில் குளிரூட்டிய உணரியின் சாளரத்தில் இப்படிப் படிந்ததைப் போக்க, மாதத்துக்கொருமுறை அதைச் சூடேற்றி ஆவியாக்க வேண்டியிருந்தது.

சூடேற்றிப் போக்கக்கூடிய அழுக்காவது பரவாயில்லை. 150 நானோமீற்றர்ப் போட்டனின் சக்தி 8.3 இலத்திரன் வோல்ற்று. காபனுக்கும் காபனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3.6 போதும். ஆடியில் படிந்த எண்ணெய் மூலக்கூறுகளின் மேல் சூரியனின் கழியூதா விழுந்தால், அவை உடைந்து ஒன்றோடொன்று பின்னி, ஆடியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்ப்பதற்காகக் கட்டினோமோ அந்த ஒளியே அழுக்கைப் பற்றவைத்துவிடுகிறது. சிமினியைத் துடைக்க அம்மம்மாவுக்குச் சாம்பல் இருந்தது. 650 கிலோமீற்றர் உயரத்தில் துடைக்கத் துணியுமில்லை, கையுமில்லை.

இதை விளங்கிக்கொண்ட பின்னர் எங்கள் வடிவமைப்பின் பெரும்பகுதி ஒளியியலிலிருந்து வீட்டுத் துப்புரவுக்கு மாறியது. பசைக்குப் பதில் திருகாணி. குழாய்க்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் முதலில் வெற்றிடத்தில் வேகவைத்து ஆவியை வெளியேற்றல். மின்சுற்றுகளை ஆடிகள் இருக்கும் குழாய்க்கு வெளியே தள்ளி, அவற்றின் ஆவி வேறு வழியால் போகத் துவாரம் விடுதல். தரையில் இருக்கும் காலம் முழுதும் தூய நைதரசனை உள்ளே ஊட்டிக்கொண்டிருத்தல். பிறகு, வாய்க்கு ஒரு கதவு.

அந்தக் கதவுதான் எங்களைப் பிரித்தது. அஸ்ரோசற் பறந்து இரண்டு மாதங்கள் கழித்து, செய்மதியின் ஆவியெல்லாம் வெளியேறட்டும் என்று பொறுத்திருந்து, நவம்பர் 30 அன்றே அதன் கழியூதாத் தொலைநோக்கிகளின் கதவுகளைத் திறந்தார்கள். அவை ஒருமுறை திறப்பவை, மீண்டும் மூடுவதில்லை. வட்டுக்கோட்டை மாணவனுக்கு அது பிடிக்கவில்லை. சூரியன் தவறுதலாக எதிரே வந்தால் மூடிக்கொள்ளக்கூடிய கதவல்லவா வேண்டும் என்றான். முதல் நாள் கேள்வி கேட்ட பிள்ளை அதற்கு உடன்படவில்லை.

"மூடத் தெரிஞ்ச கதவு மூடினபடியே இறுகிப் போனால் ஆர் போய்த் திறக்கிறது?"

மூடும் கதவுக்கு மோட்டர் வேண்டும், மோட்டருக்கு மசகெண்ணெய் வேண்டும், அந்த எண்ணெய் ஆடிக்கு எதிரே இருக்கும் என்று அவள் எண்ணிக் காட்டினாள். அவனோ ஒரேயொரு பிழையான திருப்பத்தில் முழு உணரியும் எரிந்துபோகும் என்பதை விடவில்லை. தைப்பொங்கலுக்கு முதல்நாள் வரையும் வாதாடினார்கள். வரைபடத்தின் கடைசித் தாளில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீல்கள் வரையப்பட்டிருக்கின்றன. ஒன்று பென்சிலில், மற்றது பேனையில். பேனையால் கீறியவள் அவள்.